எண்பதில் நடுக்கம்: அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

எண்பதில் கை நடுங்குவது மனிதர்க்கு இயல்பு. காருக்கு எண்பது என்பது வயதன்று, வேகம். அந்த வேகத்தில் ஸ்டியரிங் உதறுவதை மருத்துவ நூலாரும் கவனிக்கவில்லை, இலக்கண நூலாரும் கவனிக்கவில்லை. ஆகவே இக்கட்டுரை. ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது பதினோரு வயதான சிறிய கார் ஒன்று. ஆய்வாளரே அதன் உரிமையாளர் என்பதால் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

தொல்காப்பியர் முதற்பொருள் என்று நிலத்தையும் பொழுதையும் வைத்தார். நடுக்கத்துக்கும் இவ்விரண்டும் உண்டு. பொழுதில் சிக்கல் இல்லை: விடியற்காலை, லாரிகள் குறைந்த நேரம். நிலத்தில்தான் சிக்கல். இது எண்பதில் மட்டும் தோன்றும் நோய். எங்கள் பக்கம் எண்பதே கிடையாது. சி.டி.எச். சாலையில் அம்பத்தூர் ஓ.டி.யிலிருந்து ஆவடிக்கு, முன்னால் போகும் பேருந்தின் முதுகைப் படித்துக்கொண்டே இருபத்தைந்தில் போய்ச் சேர்ந்தால் அதுவே பெருமிதம். போரூரிலிருந்து பூந்தமல்லிக்கு மெட்ரோ தூண்கள் வரிசையாக எழுந்ததைப் பார்த்தோம். அவை எழ எழ வேகம் படுத்ததையும் பார்த்தோம். எஞ்சியவை இரண்டு. ஒன்று சென்னை பைபாஸ். மற்றொன்று வண்டலூரிலிருந்து நசரத்பேட்டை, நெமிலிச்சேரி வழியாக மீஞ்சூர் வரை 62 கிலோமீட்டர் ஓடும் வெளிவட்டச் சாலை. இரண்டிலும் சுங்கச்சாவடி உண்டு. ஆய்வுக்கு நிதி நல்கியது என் ஃபாஸ்டேக் கணக்கு.

இதனால் ஓர் அறிவுத் தோற்றவியல் இடர்ப்பாடு எழுகிறது. நோய் வெளிவட்டச் சாலையில், மருத்துவரோ அம்பத்தூரில். மெக்கானிக் வண்டியை எடுத்துக்கொண்டு அடுத்த சிக்னல் வரை போய்த் திரும்பி, “நல்லாத்தானே சார் இருக்கு?” என்றார். டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்ததும் இருமல் நின்றுவிடும் குழந்தையைப் பெற்றவர்களுக்கு என் நிலைமை புரியும்.

வட்டாரத்தின் பெருமையை வைத்துப் பார்த்தால் இது கூடுதல் அவமானம். டி.ஐ. சைக்கிள்ஸ் 1949இல் அம்பத்தூரில்தான் தொடங்கியது. டன்லப் டயர் இங்கே வார்க்கப்பட்டது. பாடியில் வீல்ஸ் இந்தியா சக்கரம் செய்கிறது, பிரேக்ஸ் இந்தியா அதை நிறுத்தச் செய்கிறது. சக்கரத்தின் தாய்வீடு என்றே சொல்லலாம். தாய்வீட்டுக்கு வந்த பெண் நடுங்கலாமா? ஆவடி கனரக ஊர்தித் தொழிற்சாலை மட்டும் இந்தச் சிக்கலை வேரிலேயே அறுத்துவிட்டது. அங்கே உருவான விஜயந்தாவுக்கும் டி-72 அஜேயாவுக்கும் ஸ்டியரிங் வட்டமே கிடையாது, நெம்புகோல்களால் திருப்புகிறார்கள். இல்லாத ஸ்டியரிங் உதறாது. இத்தீர்வை என் காருக்குப் பரிந்துரைக்க வீட்டார் இசையவில்லை.

இனி உரிப்பொருள். ரிம்மின் ஓரிடத்தில் 20 கிராம் எடை கூடிவிட்டதாகக் கொள்வோம். மணிக்கு 100 கிலோமீட்டரில் சிறிய காரின் சக்கரம் நொடிக்குப் பதினைந்து முறை சுற்றுகிறது. அப்போது அந்த 20 கிராம், சுமார் மூன்று கிலோ எடையின் பலத்தோடு சக்கரத்தை வெளிப்பக்கம் இழுக்கிறது, அதுவும் நொடிக்குப் பதினைந்து தடவை திசை மாற்றி மாற்றி. வேகம் பாதியானால் இழுப்பு கால்வாசி, அதனால்தான் சி.டி.எச். சாலையில் எதுவும் தெரிவதில்லை. சஸ்பென்ஷனுக்கும் இயல்பான ஆட்டம் ஒன்று உண்டு, நொடிக்குப் பத்திலிருந்து பதினைந்து வரை. சக்கரத்தின் தாளம் அதோடு ஒத்துப்போகும் இடம் எண்பதுக்கும் நூற்றுப்பத்துக்கும் நடுவே. மிருதங்கமும் கடமும் சேர்ந்து விழும் இடம் அது. ரசிக்க முடியாது என்பது ஒன்றுதான் வேறுபாடு.

இதற்கு மருந்து என்ன என்பதில் இரு சம்பிரதாயங்கள். வடகலை அலைன்மென்ட், தென்கலை பேலன்ஸிங். அலுவலகத்தில் வடகலையார் அதிகம். எது கேட்டாலும் “அலைன்மென்ட் பாருங்க சார்” என்பார்கள். அது தவறு. அலைன்மென்ட் கெட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், டயர் ஓரம் தேயும், பெரும்பாலும் உதறாது. பேலன்ஸிங் வேறு தத்துவம். 1955இல் ஆவடி காங்கிரஸில் சோஷலிச பாணிச் சமுதாயம் என்று தீர்மானம் போட்டார்கள். எடை எல்லாப் பக்கமும் சமமாகப் பங்கிடப்படுவதை நான் நேரில் கண்டது பேலன்ஸிங் மெஷினில்தான். சக்கரத்தைச் சுற்றிவிட்டு, திரையில் சுழியம் வரும்வரை ஈயக் கட்டியை ஒட்டுகிறார்கள்.

இரண்டாவதாக நான் போன கடையில், மெஷினைத் தொடும் முன்பே பையன் ஒரு கேள்வி கேட்டான்: “சார், ஸ்டியரிங் உதறுதா, சீட்டு உதறுதா?” என் மொத்த ஆய்வையும்விட ஆழமான கேள்வி. ஸ்டியரிங் என்றால் முன்சக்கரம், சீட்டு என்றால் பின்சக்கரம். “பிரேக் புடிச்சா மட்டும் உதறுதா?” அப்படியானால் டிஸ்க். “ஆக்சிலேட்டர் குடுத்தா?” அப்படியானால் ஆக்சில் ஜாயின்ட். ஸ்டியரிங்கில் கொஞ்சம் ஆட்டம் இருந்து, பள்ளத்தில் டொக் டொக் என்றால் டை ராட் எண்ட், லோயர் ஆர்ம் புஷ். எதுவும் இல்லை என்றேன். ரிம் பெண்ட் ஆகியிருக்குமோ என்று ஒரு கருதுகோளை முன்வைத்தேன். அவன் காதில் வாங்கவில்லை.

இடது முன்சக்கரத்தைக் கழற்றி, திருப்பிப் போட்டு, உள்பக்கம் ஸ்குரூ டிரைவரை விட்டு நெம்பினான். சட்டென்று கட்டியாக ஒன்று பெயர்ந்து விழுந்தது. மழையில் பூந்தமல்லிச் சாலைச் சேற்றில் இறங்கி ஏறியபோது ஒட்டி, வெயிலில் காய்ந்து இறுகிய மண். வேகமாக ஓட ஓட ரிம்மோடு இன்னும் அழுந்துமே தவிர விழாதாம். ஆக, நிலமே முதற்பொருள் என்றது சரிதான். அந்த நிலம் சக்கரத்துக்குள்ளேயே இருந்ததை உரையாசிரியனாகிய நான் கவனிக்கவில்லை. மிச்சமிருந்த பத்து கிராமுக்கு ஒரு ஸ்டிக்கர் வெயிட் போட்டான். மறுநாள் காலை நெமிலிச்சேரி தாண்டித் தொண்ணூறில் ஒரு கையால் ஓட்டிப் பார்த்தேன். ஸ்டியரிங் தியானத்தில் இருந்தது.

சான்றுப் பொருளை ஆவணப்படுத்துவது ஆய்வாளன் கடமை. மண்கட்டியைச் செய்தித்தாளில் பொதிந்து தெருமுனை மளிகைக் கடைக்குக் கொண்டுபோய்த் தராசில் வைக்கச் சொன்னேன். 60 கிராம். மேற்படிக் கணக்கின்படி நூறில் ஒன்பது கிலோவுக்குக் குறையாத இழுப்பு. குறித்துக்கொண்டிருந்தபோது அண்ணாச்சி பொட்டலத்தைப் பிரித்து மோந்து பார்த்துவிட்டுக் கேட்டார்:

“கட்டிப் பெருங்காயமா சார்? வாசனையே இல்லையே, எங்க வாங்குனீங்க?”