திரிகையும் டீப்பாயும்: கிராமப் பாணி இல்ல இதழ்கள் குறித்த ஓர் ஆய்வு, ஹைதராபாத் சான்றுகளுடன்

கிராமத்து வீடு எப்படி இருக்க வேண்டும் என்பதை நகரத்து வாசகருக்கு வழவழப்பான தாளில் மாதந்தோறும் தெரிவிக்கும் ஏடு கிராமப் பாணி இல்ல இதழ் எனப்படும். கிராமத்து வீடு எப்படி இருக்கிறது என்பது இதன் எல்லைக்குள் வராது. அது மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வேலை.

இத்துறையின் முதல் ஏடு 1897இல் லண்டனில் தொடங்கிய 'கன்ட்ரி லைஃப்'. அதை நிறுவிய எட்வர்ட் ஹட்சன் அச்சகத் தொழில் செய்துவந்த நகரவாசி. நாட்டுப்புற வாழ்க்கையை ஊருக்கெல்லாம் பரிந்துரைத்தபின் தாமும் வாழ்ந்து பார்க்க வேண்டுமென்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். எட்வின் லட்யன்ஸ் என்ற இளம் கட்டடக் கலைஞரைக் கொண்டு சானிங் என்னும் ஊரில் ஒரு வீடு கட்டிக்கொண்டார். பிறகு இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையோரத் தீவொன்றில் சும்மா கிடந்த 16ஆம் நூற்றாண்டுக் கோட்டையான லிண்டிஸ்ஃபார்னை வாங்கி, அதையும் லட்யன்ஸிடமே கொடுத்து விடுமுறை இல்லமாக்கினார். பீரங்கி வைத்த இடத்தில் தேநீர் மேசை வந்தது. வேலை போன பொருள் அலங்காரமாவதற்கு இவ்வளவு பெரிய முன்னுதாரணம் வேறில்லை; பின்னால் வரும் முதல் விதிக்காக வாசகர் இதை நினைவில் வைக்கலாம்.

ஹைதராபாத்துக்கும் இந்த ஏட்டுக்குமான உறவு இங்கேயே தொடங்குகிறது. கன்ட்ரி லைஃப் பக்கம் பக்கமாகப் புகழ்ந்து வளர்த்த அதே லட்யன்ஸ்தான், ஏழாம் நிஜாம் மீர் உஸ்மான் அலி கானுக்காக டில்லியில் ஹைதராபாத் ஹவுஸைக் கட்டினார். 1928இல் முடிந்த அந்த மாளிகையில் இன்று பிரதமர் வெளிநாட்டு விருந்தினரைச் சந்திக்கிறார். அங்கே திரிகை இருப்பதாகத் தெரியவில்லை.

கோட்டை வாங்க முடியாதவர்களுக்கான பிரிவை அமெரிக்காவில் ஹெர்ஸ்ட் நிறுவனம் 1978இல் 'கன்ட்ரி லிவிங்' இதழால் திறந்துவைத்தது. தகரக் குவளை, ஒட்டுத்துணிப் போர்வை, பெயின்ட் உரிந்த நாற்காலி ஆகியவை அதன் பாடத்திட்டம். பெயின்ட் உரியாத நாற்காலி வைத்திருப்போர் அதை எப்படி உரிப்பது என்பதற்கும் செய்முறை விளக்கம் உண்டு. இந்தியாவில் தனியாக இப்படியோர் ஏடு வேரூன்றவில்லை. உள்ளலங்கார இதழ்களின் நடுப்பக்கங்களில் குடியிருந்தே இந்தப் பாணி பரவியது.

அந்தப் பக்கங்களின் உடற்கூறு கவனத்துக்குரியது. படத்தில் ஜன்னல் உண்டு, கொசுவலை கிடையாது. அடுப்படி உண்டு, கேஸ் சிலிண்டர் கிடையாது. கயிற்றுக் கட்டில் உண்டு. அதில் படுத்திருக்கும் தாத்தா கிடையாது. நைலான் கொடி, அதில் காயும் உள்பாவாடை, நகைக்கடைக் காலண்டர், மிக்ஸி, மருந்துச் சீட்டு குத்திய கம்பி, ரேஷன் பை, பிளாஸ்டிக் வாளி ஆகியவை படமெடுக்குமுன் அடுத்த அறைக்கு மாற்றப்படுகின்றன. அந்த அடுத்த அறையின் படம் கிடைத்தால் இந்தியக் கிராமத்தின் முழுமையான ஆவணமாக அது விளங்கும். எந்த இதழும் இதுவரை அதை வெளியிடவில்லை.

இனி ஹைதராபாத். இந்தப் பாணி இங்கே செழித்ததற்கு அழகுணர்ச்சியை மட்டும் காரணமாகச் சொல்வது அரைகுறை ஆய்வு. அரசாணையும் காரணம். 1908இல் மூசி ஆறு பெருக்கெடுத்து நகரை அழித்தது. அதன் விளைவாக உஸ்மான் சாகரும் (1920) ஹிமாயத் சாகரும் (1927) கட்டப்பட்டன. அவை குடிநீர் ஏரிகளும் ஆயின. அவற்றைக் காக்க 1996இல் அரசாணை 111 வந்தது. இரு ஏரிகளையும் சுற்றி 10 கிலோமீட்டருக்குள் 84 கிராமங்களில் மாசுபடுத்தும் தொழிற்சாலைக்கும் பெரிய ஹோட்டலுக்கும் குடியிருப்புக் காலனிக்கும் தடை. அடுக்குமாடி எழுப்ப முடியாத நிலத்தில் பணமுள்ளவர் என்ன செய்வார்? மொயினாபாத், ஷங்கர்பல்லி பக்கம் மாந்தோப்பு வைத்து, நடுவே ஓட்டுவீடு கட்டி, அதற்கு ஃபார்ம்ஹவுஸ் என்று பெயரிட்டார். சட்டம் நீரைக் காக்க வந்தது. வழியில் ஊஞ்சலையும் வளர்த்தது. 2022இல் அரசாணை 69 இந்தக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தியது. ஓட்டுவீடுகளின் எதிர்காலம் அன்றுமுதல் ரியல் எஸ்டேட் ஆய்வாளர்களின் கைக்குப் போய்விட்டது.

இரண்டாவது சான்று மாதாப்பூர். 1992இல் அங்கே சுமார் 65 ஏக்கரில் ஷில்பாராமம் என்ற கைவினைக் கிராமம் அமைக்கப்பட்டது. கூரை வேய்ந்த குடிசைகளும், குயவர், நெசவாளர் முதலியோரின் ஆளுயரப் பொம்மைகளும் கொண்ட கிராம அருங்காட்சியகம் அதில் இருக்கிறது. 1998இல் பக்கத்தில் சைபர் டவர்ஸ் எழுந்தது. மாதாப்பூரும் கொண்டாப்பூரும் அதற்கு முன் கிராமங்களாக இருந்தவை. அவை இன்று கண்ணாடிக் கட்டடங்கள். மாதிரிக் கிராமம் மட்டும் கிராமமாகவே நிற்கிறது. நுழைவுக் கட்டணம் உண்டு, இரவில் பூட்டிவிடுவார்கள்.

இச்சான்றுகளிலிருந்து இரு விதிகள் பெறப்படுகின்றன.

முதலாவது, ஓய்வூதிய விதி: எந்தப் பொருளும் வேலையை இழந்த பிறகே வரவேற்பறைக்குத் தகுதி பெறும். சித்திப்பேட்டை மாவட்டத்துச் செரியால் படச்சுருள் இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. கதர்த் துணியில் புளியங்கொட்டைப் பசையும் சுண்ண மண்ணும் பூசி, சிவப்புப் பின்னணியில் கட்டம் கட்டமாக நகாஷி ஓவியர்கள் வரைவார்கள். கதை சொல்லும் சமூகத்தார் அதை ஊர் ஊராகக் கொண்டுபோய் விரித்து, ஒவ்வொரு சாதிக்கும் அதனதன் புராணத்தைப் பாடிக் காட்டுவார்கள். பல கெஜம் நீளும் துணி. இரவு முழுக்கக் கதை. சினிமாவும் டிவியும் வந்தன, பாட்டு நின்றது, சுருள் ஒன்றரை அடிச் சட்டத்துக்குள் வந்து சோபாவுக்கு மேலே ஏறியது. கதையின் எந்த இடத்தில் வெட்டப்பட்டது என்பதை வீட்டுக்காரர் அறியமாட்டார். பாதி வில் வளைத்தபடி ஒரு வீரன் ஆண்டுக்கணக்கில் ஏசியைக் குறிவைத்து நிற்கிறான்.

மறுதலைச் சான்றும் உண்டு. ஆண்டுதோறும் பதுகம்மா திருநாளில் ஆவாரம்பூவை அடுக்கத் தெலங்கானா வீடுகளில் பித்தளைத் தாம்பாளம் வேண்டும். அதற்கு வேலை இன்னும் இருப்பதால் அது சுவருக்குப் போவதில்லை, பரணில் கிடக்கிறது.

இரண்டாவது, தூர விதி: ஒரு கிராமப் பொருளின் மதிப்பு, அது பிறந்த ஊருக்கும் வாங்கியவரின் சொந்த ஊருக்கும் உள்ள தூரத்துக்கு நேர் விகிதத்தில் ஏறும். ஜூபிலி ஹில்ஸ் வீட்டில் கேரளத்து உருளியில் பூ மிதக்கும். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவிலிருந்து லாரியேறி வந்த செட்டிநாட்டுத் தூண் இருக்கும். ராஜஸ்தான் கதவு படுக்கவைக்கப்பட்டு, மேலே கண்ணாடி போட்டு டீப்பாய் ஆகியிருக்கும். தெலங்கானா மேய்ப்பர்கள் மழைக்கும் குளிருக்கும் போர்த்திய கொங்கடி, அதாவது தக்காண ஆட்டின் கருங்கம்பளி, அங்கே பெரும்பாலும் இருக்காது. அதைப் போர்த்திக்கொண்டு ஆடு மேய்த்தவர் அந்த வீட்டுக்காரரின் பாட்டனாராக இருக்கக்கூடும் என்பது காரணம். அதே கொங்கடியை பெங்களூருவில் ஒருவர் பெருமையோடு தரையில் விரித்து வைத்திருப்பார். ஜனகாம் பக்கத்துப் பெம்பர்த்தியில் தேருக்கும் கோயிலுக்கும் பித்தளைத் தகடு செதுக்கியவர்களின் கைவேலையும் இந்த விதிப்படி வெளியூரில்தான் உச்ச மதிப்பை எட்டும்.

செகந்தராபாத்தின் பத்மராவ் நகர், மாரேட்பல்லிப் பகுதித் தமிழ்க் குடும்பங்கள் இவ்விதிக்கு விலக்கு. அவர்கள் தங்கள் பாட்டியின் பொருளையே தேடுகிறார்கள். ஆனால் அதற்குள் அது கைமாறிவிட்டது. எவர்சில்வர் வந்த காலத்தில் தவலையும் அண்டாவும் வெந்நீர் பாய்லரும் பாத்திரக் கடைக்கு எடைக்குப் போயின. பதிலுக்குப் பளபளவென்று டிபன் கேரியர் வந்தது. கிரைண்டர் வந்ததும் ஆட்டுக்கல் கொல்லைக்குப் போய், கொல்லை ஃபிளாட் ஆனபோது லாரியில் போனது. இன்று பேரன் அதே மாதிரித் தவலையைப் பழம்பொருள் கடையில் பேரம் பேசுகிறார். எடைக்குப் போட்ட விலைக்கும் இப்போது கேட்கும் விலைக்கும் உள்ள வித்தியாசத்தை ஏக்கத் தீர்வை என்று அழைக்கலாம். இந்தத் தீர்வையைத் தவிர்க்க விரும்புவோர் வியாழக்கிழமைகளில் புரானாபுல் பக்கம் கூடும் ஜும்மேராத் பஜாருக்குப் போகலாம். அங்கே பழைய சாமான் இன்னும் பழைய சாமானாகவே விற்கிறது. அடித்துப் பேசத் தெரிய வேண்டும்.

இவ்வாறு அமைக்கப்பட்ட வீட்டுக்கு நேரும் ஆபத்துகளில் கரையான், பாசி இரண்டையும் மருந்தால் சமாளித்துவிடலாம். மூன்றாவதற்கு மருந்தில்லை: உண்மையான கிராமத்திலிருந்து வரும் மாமியார். நல்கொண்டா பஸ்ஸில் வந்திறங்கும் அவர், வாசலில் மீன்தொட்டியாகிவிட்ட உரலைப் பார்த்து, "ரோலுல மீனா?" என்று கேட்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். நிறுத்திக்கொள்ளாவிட்டால், மறுநாள் காலை வரவேற்பறைத் திரிகையின் மேலிருந்த பீங்கான் புத்தர் இறக்கி வைக்கப்பட்டிருப்பார். முளையில் எண்ணெய் போட்டுத் துவரம்பருப்பு உடைக்கப்பட்டிருக்கும். முதல் விதிப்படி வேலை திரும்பக் கிடைத்த பொருள் வரவேற்பறையில் இருக்க முடியாது. மாமியார் ஊர் திரும்பிய பிறகு புத்தர் மீண்டும் அமர்த்தப்பட்டாலும், கல்லிடுக்கில் சிக்கிய பருப்புத் தூளுக்கு எறும்பு வரும். பார்க்க வருபவர்கள் அந்த எறும்பையும் அலங்காரத்தின் பகுதியென்று பாராட்டிய பின், வீட்டுக்காரர் அதைத் துடைக்கத் தயங்குவார்.

இந்தப் பாணியைப் பரப்பிய அச்சு இதழும் இப்போது முதல் விதியின் ஆட்சிக்குள் வந்துவிட்டது. உருளியில் எந்தப் பூ என்பதை இன்ஸ்டாகிராமும் பின்டரெஸ்டும் சொல்லிவிடுகின்றன. இதழைப் படிக்க வேண்டிய தேவையில்லை. ஆகவே ஞாயிற்றுக்கிழமை ஆபிட்ஸ் நடைபாதைப் புத்தகக் கடைகளில் பழைய இதழ்களைக் கிலோக் கணக்கில் வாங்கி, முதுகு மங்கியவற்றை மட்டும் பொறுக்கி, ராஜஸ்தான் கதவின் கண்ணாடிமேல் அடுக்குகிறார்கள். ஏழெட்டு இதழ் போதும். சணல் கயிற்றால் குறுக்கே இரண்டு சுற்று கட்டிவிட்டால் யாரும் பிரித்துப் படிக்க முயலமாட்டார்கள்.