உப்புப் போட்டே விளையும் தக்காளி

உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கு. தமிழ்நாட்டு உப்பில் பெரும்பங்கு தூத்துக்குடிக்கு. பாடப் புத்தகத்தில் படிக்கும்போது இது பெருமை. உப்பளத்தை ஒட்டி வீடு கட்டிக்கொண்டு, புறவாசலில் தக்காளி போட ஆசைப்படுகிறவனுக்கு இது தண்டனை.

எங்கள் தெருவில் அந்த ஆசை பரவியது 2023 ஜூலையில். தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டி ஏறிக்கொண்டே போன நேரம். ரசத்தில் தக்காளி மிதக்கும் வீடுகளைக் கொஞ்சம் மரியாதையோடு பார்த்தோம். ஆளாளுக்கு விதை வாங்கினார்கள். செடி பூத்துக் காய்ப்பதற்குள் விலை சரிந்து தரைக்கு வந்துவிட்டது. ஆனாலும் யாரும் கைவிடவில்லை. அதுவரை சிக்கனமாக இருந்தது, அதன்பின் கௌரவப் பிரச்சினையாகிவிட்டது.

புறவாசலில் மண்ணைக் கொத்தி, வரப்புக் கட்டி, போர் தண்ணீரைப் பாய்ச்சிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு அண்ணாச்சி சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தார். ஆயுசு முழுக்க அளத்தில் வேலை பார்த்தவர்.

“என்ன சார், வீட்டுக்குள்ளேயே அளம் போடுதியளா?”

கேலி இல்லை, நிஜமாகவே விசாரித்தார். வெயில் ஏறியதும் அவர் கேட்டது நியாயம்தான் என்று மண்ணே சொல்லிவிட்டது. ஈரம் காய்ந்த இடமெல்லாம் வெள்ளைப் பொருக்கு. அண்ணாச்சி அதை நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்துப் பார்த்து, “பரவாயில்ல, நல்ல ரகம்தான்” என்றார்.

தக்காளி உப்பை ஓரளவுக்குத்தான் பொறுக்கும். மண்ணின் உப்பை மின்கடத்தும் திறனை வைத்து அளக்கிறார்கள், மீட்டருக்கு இத்தனை டெசிசீமன்ஸ் என்று. சுமார் 2.5 வரை செடி முனகாமல் காய்க்கும். அதற்கு மேல் ஒவ்வொரு அலகு ஏறும்போதும் விளைச்சலில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு போய்விடும். 4-ஐத் தாண்டினாலே உவர் நிலம் என்று பெயர். கடல் தண்ணீர் கிட்டத்தட்ட 50. இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ இருக்கிறது எங்கள் புறவாசல்.

இதில் கொடுமை என்னவென்றால், செடி தண்ணீரில் நின்றுகொண்டே தாகத்தில் வாடும். மண்ணில் உப்பு ஏற ஏற, அங்கிருந்து தண்ணீரை உறிஞ்சும் தெம்பு வேருக்குக் குறைந்துகொண்டே வரும். வாடுகிறதே என்று நாம் மேலும் போர் தண்ணீரை ஊற்றுவோம். அதோடு மேலும் உப்பு போய்ச் சேரும். இலை ஓரம் கருகும். தப்பித்து வந்த காயின் அடிப்பாகம் கறுத்து அமுங்கும். தேவையான சுண்ணாம்புச் சத்து காய்க்குப் போய்ச் சேராததால் வருவது அது. உப்பு மண்ணில் இன்னும் மோசமாகும்.

யோசனை சொல்ல ஆளுக்கா பஞ்சம்? மதினி முட்டை ஓட்டைப் பொடித்துப் போடச் சொன்னார். முட்டை ஓடு மண்ணில் கரைந்து சத்தாவதற்குள் நம் பேரன் கல்லூரிக்குப் போய்விடுவான். உரக்கடைக்காரர் ஜிப்சம் என்றார். சோடியம் மிகுந்த களர் மண்ணுக்கு அது சரியான மருந்துதான். ஆனால் ஜிப்சம் பிரித்துவிட்ட சோடியத்தையும் நல்ல தண்ணீர் விட்டுத்தான் அடிமண்ணுக்குக் கீழே கழுவித் தள்ள வேண்டும். இதை வீட்டில் சொன்னபோது, “குடத்தை வரிசையில போட்டுப் பிடிக்கிற தண்ணிய ஊத்தித் தரையக் கழுவப் போறீங்களாக்கும்?” என்று ஒரு கேள்வி வந்தது. அதற்கு எந்த விவசாயக் கையேட்டிலும் பதில் இல்லை.

உலகத்தில் உப்புக்கு அஞ்சாத தக்காளி இல்லாமல் இல்லை. காலபகோஸ் தீவுகளின் கடற்கரையிலேயே ஒரு காட்டுத் தக்காளி வளர்கிறது. கடல்நீர் அளவு உப்பிலும் அது உயிரோடு நின்றதாக ரஷ், எப்ஸ்டைன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1976-ல் எழுதினார்கள். ஆனால் அந்தத் தீவுத் தக்காளிகளின் விதை லேசில் முளைக்காது. அங்குள்ள ராட்சத ஆமையின் வயிற்றுக்குள் போய் வெளியே வந்தால் நன்றாக முளைக்கும் என்று சார்லஸ் ரிக் என்ற தக்காளி நிபுணர் கண்டுபிடித்தார். உரக்கடையில் ஆமை கிடைக்காது. வீட்டில் கேட்கவும் எனக்குத் துணிவில்லை.

சிசிலித் தீவின் பக்கீனோ வட்டாரத்தில் உவர்ப்புக் கிணற்றுத் தண்ணீரிலேயே தக்காளி வளர்த்து, அதையே பெருமையாகச் சொல்லி விற்கிறார்கள். உப்பு உறுத்தும்போது பழம் சிறுக்கும், எண்ணிக்கை குறையும், ஆனால் இனிப்பு கூடும். உண்மைதான். எங்கள் புறவாசலில் தப்பிப் பழுத்தவை கோலிக்குண்டு அளவுதான், ருசியோ அபாரம். நாலு பேர் இருக்கிற வீட்டுக்கு அந்த ருசியை வைத்து ரசம் வைக்க முடியாது.

ஆகவே மொட்டை மாடி. மாடித் தோட்டக்காரர்கள் க்ரோ பேக் வாங்குவார்கள், பெயிண்ட் வாளி சேர்ப்பார்கள். எங்கள் ஊரில் அதைவிட மலிவாகக் கிடைப்பது, மீன் ஏற்றிவரும் தெர்மாகோல் பெட்டி. வெயில் சூட்டை வேருக்கு எளிதில் விடாது என்பதால் அருமையான தொட்டி. ஐஸ் உருகிய தண்ணீரும் மீன் செதிலும் பெட்டி மூலைகளில் ஒட்டியிருக்கும்; எத்தனை தேய்த்தாலும் பூனைகளுக்கு அது தெரியும். நாற்று வேர்பிடிக்கும் முன்பே வட்டாரப் பூனைகள் எல்லாம் மாடியில் மாநாடு கூட்டிவிட்டன. நடுப்பெட்டியில் படுத்திருந்த கடுவன்தான் தலைவர் போலிருந்தது.

மாடிக்குப் போனால் உப்பு கீழேயே தங்கிவிடும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி: அது நமக்கு முன்பே படியேறிவிடும். தேங்காய் நார்க்கழிவில் உப்பு உண்டு. கடலோரத் தென்னையின் மட்டையிலேயே இருக்கும். மட்டையை உவர்நீரில் ஊறப்போட்டால் கேட்கவே வேண்டாம். கட்டியை ஊறவைத்து, பிழிந்து, நல்ல தண்ணீரில் அலசாமல் நிரப்பினால் மாடியிலும் அதே அளம்தான். அடுத்தது ஆர்.ஓ. கருவி வெளியே தள்ளும் தண்ணீர். வீணாகிறதே என்று அதைத் தொட்டிக்கு ஊற்றும் சிக்கனக்காரர்கள் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். குடிக்கிற தண்ணீரிலிருந்து பிரித்த உப்பெல்லாம் அந்தக் குழாயில்தான் வருகிறது. வீடு துடைக்க அது போதும்.

பிறகு தொட்டி எந்த விதத்தில் உசத்தி? அடியில் ஓட்டை இருக்கிறது. அவ்வளவுதான். ஐப்பசி மழை ஒன்று வலுத்துப் பெய்தால் சேர்ந்த உப்பெல்லாம் அந்த ஓட்டை வழியாக இறங்கிப் போய்விடும். மழை இல்லாத மாதத்தில் ஒரு வாளி நல்ல தண்ணீர் விட்டு, கீழே வடியும்வரை அலசலாம். எங்கள் தரைக்கு ஓட்டை கிடையாது. கொஞ்சம் தோண்டினால் ஊறிவருவதே உவர் தண்ணீர். மேலே ஊற்றியது இறங்குவதைவிடக் கீழே இருப்பது ஏறுவதுதான் அதிகம்.

புரட்டாசியில் நாற்றை நட்டுவிடுங்கள். சித்திரை, வைகாசியில் இந்த ஊரின் ராத்திரிப் புழுக்கத்துக்குப் பூவெல்லாம் உதிரும். தரையானாலும் தொட்டியானாலும் அதில் பேதமில்லை. மழைத் தண்ணீரை ஒரு டிரம்மிலாவது பிடித்து வையுங்கள். கீழே இருக்கும் உவர் மண்ணைச் சும்மா போடவும் வேண்டாம்: தென்னையும் சப்போட்டாவும் அங்கே குறை சொல்லாமல் வளரும், பீட்ரூட் தக்காளியைவிட நன்றாகவே உப்பைத் தாங்கும். மீன் பெட்டிதான் தொட்டி என்று முடிவு செய்துவிட்டால், வலைக்கும் சேர்த்துப் பணம் எடுத்து வையுங்கள். பூச்சிக்கு இல்லை, பூனைக்கு.