ஒன்றாம் எண் கூண்டும் ஒரு பழைய கப்பல்காரரும்

ஐப்பசி பிறந்துவிட்டால் நம் வீட்டு டிவியில் தவறாமல் வரும் வாசகம் ஒன்று உண்டு: ‘கடலூர், நாகை துறைமுகங்களில் ஒன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது.’ அந்தக் கூண்டைக் கண்ணால் பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? ஆனாலும் எண் ஏற ஏற அடுப்பில் பஜ்ஜிச் சட்டி ஏறும். நாளைக்கு லீவு விடுவாரா என்று பிள்ளைகள் கலெக்டரை நினைத்துத் தவம் கிடப்பார்கள். இந்த எச்சரிக்கைக்குப் பூர்வீகம் கல்கத்தா. ‘சைக்ளோன்’ என்ற சொல்லுக்கும் அதுதான் பிறந்த வீடு.

கல்கத்தாவுக்கும் புயலுக்கும் உறவு பழையது. 1737 அக்டோபரில் ஒன்று வந்து ஊரைப் புரட்டிப் போட்டது. புனித ஆன் தேவாலயத்தின் கோபுரம் விழுந்தது. சித்பூர் சாலையில் கோவிந்தராம் மித்ரா கட்டிய நவரத்தினக் கோயிலின் சிகரமும் விழுந்தது. இந்தச் சேதி கப்பலேறி லண்டன் பத்திரிகைக்குப் போய்ச் சேர்வதற்குள் ஒரு நிலநடுக்கத்தையும் துணைக்குச் சேர்த்துக்கொண்டது. இறந்தவர்கள் 3 லட்சம் என்றானது. அப்போது கல்கத்தாவின் மொத்த ஜனத்தொகையே 20,000 சொச்சம்தான்! உலகப் பேரிடர்ப் பட்டியல்களில் இந்தக் கணக்கு இரண்டரை நூற்றாண்டு சௌக்கியமாக உட்கார்ந்திருந்தது. 1994இல் ரோஜர் பில்ஹாம் என்ற நிலநடுக்க ஆய்வாளர் பழைய ஆவணங்களைத் தோண்டிப் பார்த்து, பூமி அசையவே இல்லை, எல்லாம் காற்றும் வெள்ளமும் செய்த வேலை என்றார். நகரத்தில் இறந்தவர்கள் சுமார் 3,000 என்று கிழக்கிந்தியக் கம்பெனியின் வரி வசூல் அதிகாரியே அப்போது எழுதி வைத்திருந்தார். குமாஸ்தா எழுதியதை யார் படிக்கிறார்கள்?

அடுத்த நூற்றாண்டில் ஹென்றி பிடிங்டன் வந்தார். கடலில் கப்பல் ஓட்டிவிட்டுக் கல்கத்தாவில் கரையேறியவர். கடல் விபத்துகளை விசாரிக்கும் நீதிமன்றத்துக்குத் தலைவர். நாம் வெளியே வேப்பமரம் ஆடினால் ஜன்னலைச் சாத்துவோம். இவரோ புயலில் அடிபட்டு வந்த கப்பல்களின் நாட்குறிப்புகளை வாங்கி, எந்த மணிக்கு எந்தத் திசையில் காற்று அடித்தது என்று குடைந்து, ஆசியாட்டிக் சொசைட்டியின் இதழில் கட்டுரை மேல் கட்டுரையாக எழுதித் தள்ளினார். 1848இல் மாலுமிகளுக்கென்று ஒரு புத்தகம் போட்டார். அதன் தலைப்பை ‘புயல் அரிச்சுவடி’ என்று நாம் தாராளமாகச் சொல்லலாம். சுருண்ட பாம்பையும் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து ‘சைக்ளோன்’ என்று அதில்தான் பெயர் வைத்தார். சூறாவளி என்று சொல்லிப் பழகிய நமக்கு இது பெரிய சங்கதியில்லை; வெள்ளைக்காரர்களுக்குப் புதுசு.

புத்தகத்தோடு கொம்பைச் சீவிச் செய்த கண்ணாடிபோன்ற இரண்டு தகடுகளும் உண்டு. தகட்டில் வட்டமும் அம்புக்குறிகளும் இருக்கும். நம் பக்கத்துப் புயல் இடஞ்சுழி, நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே வலஞ்சுழி, ஆளுக்கொரு தகடு. கடல் வரைபடத்தின்மேல் தகட்டை நகர்த்தி, தன் கப்பலுக்கு அடிக்கிற காற்றோடு அம்பைப் பொருத்தினால் புயலின் மையம் எங்கே என்று தெரிந்துவிடும். தகடு கையில் இல்லையா? காற்றுக்கு முகம் காட்டி நில். வங்கக் கடலில் மையம் ஏறத்தாழ வலக்கைப் பக்கம். அந்தப் பக்கம் போகாதே.

இந்த மனிதர் 1853இல் லாட்டு துரை டல்ஹவுசிக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார். ஹூக்ளியில் வண்டல் சேர்கிறது, தென்கிழக்கே மாத்லா ஆற்றில் புதுத் துறைமுகம் கட்டலாம் என்று துரைமார் பேசிக்கொண்டிருந்த சமயம். மாத்லா என்றால் வங்காள மொழியில் வெறியேறியது. ஆற்றுக்குப் பெயர் வைத்தவர்களுக்கு அதன் குணம் தெரிந்திருக்கிறது! புனல்போலக் குறுகும் ஆழமில்லாத வளைகுடா இது, புயலோடு கடல் எழுந்து ஊருக்குள் வரும், கட்டாதீர்கள் என்றார் பிடிங்டன். ஆபீசில் கடுதாசி கிடந்தது. 1858இல் கல்கத்தாவிலேயே அவர் காலமானார். அடுத்த லாட்டின் பெயரில் ‘போர்ட் கேனிங்’ ஜோராக எழுந்தது, ரயில் போட்டார்கள், துறைமுகக் கம்பெனியின் பங்குகளை பம்பாய்வரை அடித்துப் பிடித்து வாங்கினார்கள்.

நடுவில், 1864 அக்டோபர் 5 அன்று கல்கத்தாவைப் பெரும்புயல் தாக்கியது. துறைமுகத்தில் நின்ற 195 கப்பல்களில் சேதமில்லாமல் தப்பியவை 23. கரையோர ஜனங்கள் பல்லாயிரம் பேர் அலையோடு போனார்கள். துரைமாருக்கு அப்போதுதான் காது கேட்டது. 1865இல் கல்கத்தாத் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கை ஏற்பாடு தொடங்கியது, நாட்டிலேயே முதல். 1875இல் பிளான்போர்டு தலைமையில் இந்திய வானிலைத் துறையும் அந்த ஊரிலேயே பிறந்தது.

கேனிங் வேலையை மட்டும் யாரும் நிறுத்தவில்லை. 1867 நவம்பர் 1 அன்று சுமாரான புயல் ஒன்று வந்தது. எழுந்த அலை ஆறடிதான். துறைமுகத்துக்கு அதுவே போதுமானதாக இருந்தது. 1872இல் கைகழுவினார்கள்.

ரயில் மட்டும் மிஞ்சியது. சியால்தாவில் கேனிங் லோக்கல் இன்றும் கிளம்புகிறது. விடிகாலையில் எதிர்த்திசையில் வருவதில் கல்கத்தா வீடுகளுக்கு வேலைக்குப் போகும் பெண்கள் நெருக்கியடித்து நிற்பார்கள். சுந்தரவனம் பார்க்கப் போகிறவர்கள் கேனிங்கில் இறங்கி வண்டி பிடிக்கலாம். கப்பல் கிடையாது.