சோப்புக்கும் ஒரு ஃபார்முலா

திருமங்கலத்துக்காரன் வெளியூரில் ஊர்ப்பேரைச் சொன்னால் அடுத்த கேள்வி தயாராக இருக்கும்: "ஓ, அந்த ஃபார்முலா ஊரா?" 2009 ஜனவரி இடைத்தேர்தலில் செய்தித்தாளுக்குள் கவர் வைத்து வீடுவீடாகப் பணம் போனதாக ஊரே பேசியது. விக்கிலீக்ஸ் வெளியிட்ட அமெரிக்கத் தூதரகக் குறிப்பிலும் அது ஏறியது. அறம் கிடக்கட்டும், அந்த நிர்வாகத் திறமையைப் பாருங்கள். எந்த வீட்டில் எத்தனை ஓட்டு, யார் திருப்பூருக்கு வேலைக்குப் போயிருக்கிறார், எந்தப் பாட்டி தனிச் சமையல், எல்லாம் விரல்நுனியில். விடுபட்ட வீடு இல்லை. "ஸ்டாக் இல்லை, அடுத்த வாரம் வாங்க" என்ற பேச்சும் இல்லை.

ஆகவே சுகாதாரத் துறைக்கு ஒரு பணிவான யோசனை. ஆஸ்பத்திரி வார்டுகளுக்கு சோப்பும் கிளவுஸும் கொண்டுசேர்க்கும் வேலையை பூத் கமிட்டிகளிடம் கொடுத்துவிடுங்கள். இன்டென்ட் எழுதி, கையெழுத்து வாங்கி, ஸ்டோர் சாவி வைத்திருப்பவர் லீவு முடிந்து வரும்வரை காத்திருக்க வேண்டாம். விடியுமுன் படுக்கைக்கு ஒரு சோப்பு இறங்கிவிடும்.

கை கழுவுவது பெரிய வித்தையா என்பீர்கள். சோப்பு போட்டால் 40 முதல் 60 நொடி என்கிறது உலக சுகாதார நிறுவனம். நோயாளியைத் தொடுமுன், ஊசி டிரிப்ஸ் போடுமுன், ரத்தமோ சளியோ பட்டபின், தொட்டு முடித்தபின், அவர் கட்டிலைத் தொட்டாலும்கூட. ராத்திரி ஷிப்டில் நாற்பது படுக்கைக்கு ஒரு சிஸ்டர். படுக்கைக்கு ஒரே ஒரு தரம் என்று தள்ளுபடி கொடுத்தாலும், ஒரு சுற்றுக்கு 40 நிமிடம் வரை குழாயடியிலேயே போய்விடும். கழுவினால், "பாட்டில் தீர்ந்து ரத்தம் ஏறுது, அங்க நின்னு என்னம்மா பண்றீங்க?" கழுவாவிட்டால் மெமோ. அதுவும் குழாயில் தண்ணீர் வந்தால்தான். ஹேண்ட்வாஷ் டப்பாவுக்குள்ளோ, தண்ணீர் ஊற்றி ஊற்றிக் கலக்கியதில், சோப்பின் நிறம் மட்டும் மிச்சம். பொது மருத்துவமனையில் ஐந்து நோயாளிக்கு ஒரு செவிலியர் என்ற அளவுகோல் காகிதத்தில் சுகமாகப் படுத்திருக்கிறது. அதற்கு எந்தத் தொற்றும் வராது.

செவிலியர்களை நாம் மதிக்கவில்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். 2020 மார்ச்சில் தட்டைத் தட்டினோம். மே மாதம் ஹெலிகாப்டரில் ஏறி ஆஸ்பத்திரிகள் மேல் பூத்தூவினோம். அந்தக் கொரோனா காலத்தில் ஒப்பந்தத்தில் சேர்த்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட செவிலியர்களைத் தமிழ்நாடு அரசு 2022 டிசம்பர் 31 அன்று வீட்டுக்கு அனுப்பியது. புத்தாண்டுக்குப் போராட்டம்தான்.

நம் தோப்பூரில் எய்ம்ஸுக்கு 2019 ஜனவரியில் அடிக்கல் நாட்டினார்கள். கட்டடம் எழும்பாததைக் கேலிசெய்து 2021 தேர்தலில் ஒரு செங்கலைத் தூக்கிக் காட்டியே பிரசாரம் ஓடியது. நாட்டியவருக்கும் தூக்கியவருக்கும் கல் பயன்பட்டது. முழங்கையால் தள்ளித் திறக்கிற ஒரு குழாயை வார்டில் மாட்டினால் யாருக்கு என்ன பயன்? அதற்கு ரிப்பன் கட்ட முடியாதே.

அரசு ஆஸ்பத்திரி அழுக்கு, காசு கொடுத்தால் சுத்தம் என்று நினைக்கிறவர்கள் வாணியம்பாடிக்குப் போய்க் கேட்கட்டும். 2022–23இல் அங்கே ஒரு தனியார் பல் கிளினிக்குக்குப் போய்த் தொற்று வாங்கிவந்த பத்துப் பேரில் எட்டுப் பேர் செத்துப்போனார்கள். பல்வலிக்குப் போனவர்கள் மூளைத் தொற்றில் போனார்கள். மண்ணிலும் தண்ணீரிலும் வாழும் மெலியாய்டோசிஸ் கிருமி அது. காரணத்தை 2025இல் லான்செட் குழும இதழொன்றில் ஆய்வாளர்கள் எழுதினார்கள். ஈறை விலக்கும் கருவியாலேயே சலைன் பாட்டிலைத் திறந்திருக்கிறார்கள். மீதியைக் கொட்டவில்லை. பாட்டில் வாயில் பஞ்சை அடைத்துவைத்து, அடுத்தவர் வாயிலும் அதையே ஊற்றியிருக்கிறார்கள். நம் வீட்டில் நல்லெண்ணெய்ப் பாட்டிலுக்குக்கூட மூடி உண்டு. எட்டு உயிரை வைத்து அந்தக் கிளினிக் மிச்சம் பிடித்தது, அரை பாட்டில் உப்புத் தண்ணீர்.

இன்ஸ்பெக்‌ஷன் வருகிற நாளில் அரசு ஆஸ்பத்திரியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பினாயில் வாடையிலேயே நோயாளிக்குத் தெரிந்துவிடும், இன்றைக்கு யாரோ வருகிறார்கள் என்று.

திருமங்கலத்திலிருந்து தெற்கே நாலுவழிச் சாலையைப் பிடித்தால் சாத்தூர். 2018 டிசம்பரில் அங்கே அரசு மருத்துவமனையில் ஒரு கர்ப்பிணிக்கு ஏற்றிய ரத்தத்தில் எச்.ஐ.வி. இருந்தது. சிவகாசி அரசு ரத்த வங்கியிலிருந்து வந்த ரத்தம். கொடுத்தவன் 19 வயதுப் பையன். 2016இல் அவன் ரத்தம் கொடுத்தபோதே தொற்று தெரிந்திருக்கிறது. அவனிடம் சொல்லத்தான் ஆளில்லை. வெளிநாட்டு வேலைக்கான பரிசோதனையில் தெரியவந்ததும் ரத்த வங்கிக்கு ஓடிவந்து சொன்னது அவன்தான். அதற்குள் ஏற்றி முடித்திருந்தார்கள். அந்த மாதமே தற்கொலைக்கு முயன்று, மதுரைப் பெரியாஸ்பத்திரியில் இறந்தான். அந்தப் பெண்ணுக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்க உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சொல்ல வேண்டியிருந்தது.

நடவடிக்கை உடனே பாய்ந்தது, லேப் டெக்னீஷியன்கள் மூவர்மேல். தப்பு செய்த கையைப் பிடிப்பதில் தப்பில்லை. ஆனால் ஒரு ரத்த வங்கிக்கு எத்தனை ஆள் போதும், ஒரு வார்டுக்கு எத்தனை கிளவுஸ் போதும், தொற்று தெரிந்தவனிடம் போய்ச் சொல்வது யார் வேலை என்றெல்லாம் முடிவு செய்த மேசைகள் இருக்கின்றனவே? அந்த மேசைக்கு மெமோ அடிக்கத் தெரிந்த டைப்பிஸ்ட்டை இந்த அரசாங்கம் இன்னும் வேலைக்கு எடுக்கவில்லை.