ஆட்டம் அடங்காத ஜிப்சிக்காரர்

பெங்களூரில் ஜிப்சிக்காரர் என்று ஒரு தனி வகையினர் உண்டு. மாருதி நிறுவனம் 1985 இறுதியில் அறிமுகப்படுத்திய, நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும் ஜிப்சி வண்டியைப் பழையதாக வாங்கி, அதன் ஸ்டீயரிங்கைத் திருத்துவதையே பிறவிப்பயனாகக் கொண்டவரை இப்பெயர் குறிக்கும். வாரநாள்களில் மென்பொருள் எழுதி, சில்க் போர்டு சந்திப்பின் நெரிசலில் பொறுமை பழகும் இவர், பழகிய பொறுமை முழுவதையும் ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டியின் முன் அச்சுக்கடியில் மல்லாந்து படுத்துச் செலவிடுகிறார்.

இவருடைய துன்பங்களுக்கெல்லாம் மூலம் உயர ஆசை. ஜிப்சியில் அச்சுக்குக் கீழே இருக்கும் பட்டை வில்களை, ராமநகரப் பாறைகளில் அடி தட்டக்கூடாது என்பதற்காக, அச்சின் மேலே மாற்றினால், வண்டி ஏறக்குறைய 5 அங்குலம் உயரும். உடலோடு ஸ்டீயரிங் பெட்டியும் உயர்ந்துவிடுவதால், அப்பெட்டியின் அசைவைச் சக்கரத்துக்குக் கொண்டுசெல்லும் டிராக் லிங்க் என்னும் கம்பி, சாத்திவைத்த ஏணிபோலச் சரிந்து நிற்கும். பிறகு சக்கரம் பள்ளத்தில் இறங்கி ஏறும்போதெல்லாம், ஓட்டுநர் திருப்பாமலே வண்டி தானாகத் திரும்பும். 'பம்ப் ஸ்டீயர்' எனப்படும் இந்நோய்க்கு மருந்தாக அவர் இசட் எழுத்தைப்போல வளைந்த கம்பியைப் பொருத்துகிறார். பெரிய டயர்களின் நடுக்கத்தைத் தாங்க டேம்பர் என்னும் அதிர்வடக்கியைச் சேர்க்கிறார். அந்த டயர்களைத் திருப்பித் தோள்பட்டை கழன்றபின், வேறொரு வண்டியின் பவர் ஸ்டீயரிங்கைப் பெட்டி, பம்பு, பெல்ட் சகிதம் குடியேற்றுகிறார். ஒவ்வொரு மருந்தும் அடுத்த நோயைக் கையோடு அழைத்து வருகிறது.

உதிரிபாகக் கடைகள் நிறைந்த ஜே.சி. ரோட்டுக்கு, தேய்ந்த டை ராட் எண்டை, அதாவது கம்பியின் முனையில் உள்ள பந்து மூட்டை, பெண் பார்க்கப் போகிறவர் ஜாதகத்தைக் கொண்டுபோவதுபோலச் செய்தித்தாளில் சுற்றி எடுத்துச் செல்கிறார். புதியதையும் பழையதையும் இரு கைகளிலும் பிடித்து ஆட்டி, காதருகே வைத்துக் கேட்டு, நான்காவது கடையில் பொருத்தம் கண்டு வீடு திரும்பும் அவரிடம் மனைவி, "ஏங்க, இனியாவது வண்டி நேரா போகுமா?" என்று கேட்டால், "வண்டி நேராத்தான் போகுது, ரோடுதான் வளையுது" என்பார்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவை அவர் வக்கீலைவிட நன்றாக அறிவார். தயாரிப்பாளர் குறித்த அடிப்படை விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றலாகாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் கூறியதும் அவருக்குத் தெரியும். ஆகவே 'மாற்றம்' என்ற சொல்லை அவர் நாவால் தொடுவதில்லை. 'மீட்டெடுப்பு' என்றே சொல்வார். 15 ஆண்டு கடந்த வண்டிக்குப் பதிவைப் புதுப்பிக்கும் நாளில், மொட்டைமாடியில் உறங்கும் பழைய உறுப்புகள் உற்சவர்போல இறங்கிவந்து வண்டியில் எழுந்தருளி, மறுநாளே மாடி திரும்பும்.

ஸ்டீயரிங் பெட்டியின் தலையில், நட்டால் பூட்டிய ஒரு திருகு உண்டு. உள்ளே பற்கள் தேய்ந்து விழுந்த ஆட்டத்தை அதை இறுக்கிக் குறைக்கலாம். அளவு மீறினால், வளைவில் திருப்பிய ஸ்டீயரிங் தானாக நேருக்கு வராது. இதனால் மெக்கானிக் அதைக் கால் சுற்று மட்டும் திருப்பிவிட்டு, "ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி சார்" என்கிறார். கொஞ்சம் அனுசரித்துக்கொள்ளுங்கள் எனப் பெங்களூர் தன் எல்லாக் குறைகளுக்கும் சொல்லும் இந்தச் சமாதானம், இங்கே திருகுக்குச் சொல்லப்பட்டதா, உரிமையாளருக்குச் சொல்லப்பட்டதா என்பது ஆய்வுக்குரியது.

மைசூரு சாலையில் உயரமான ஜிப்சியொன்று பக்கத்தில் வரக் கண்டால், வாசகர் ஒரு முழம் தள்ளிச் செல்வது நல்லது. ஓட்டுபவர் நேராகத்தான் பிடித்திருப்பார், திரும்புவது வண்டியின் விருப்பம்.