பொலிஸில் முன்னேற

தம்பலகாமத்தில் வயல் பார்க்கும் பொடியன்களே, பொலிஸில் சேருங்கள். தேசபந்து தென்னகோன் ஐயாவைப் பாருங்கள். ஒருவரைச் சித்திரவதை செய்த வழக்கில் அவர் அடிப்படை உரிமையை மீறினார் என்று 2023 டிசம்பரில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஐந்து இலட்சம் ரூபாய் நட்டஈடும் கட்டச் சொன்னது. இப்படியொரு நற்சான்றிதழ் லேசில் கிடைக்குமா? 2024 பெப்ரவரியில், பதில் பொலிஸ் மா அதிபராயிருந்தவருக்குப் பதவி நிரந்தரமாயிற்று. சந்தியில் தலைக்கவச வார் மாட்டாமல் அகப்படுகிறவனுக்குத் தண்டச்சீட்டுத்தான். குற்றம் சின்னது, பாவம்.

2025இல் வெலிகம துப்பாக்கிச்சூட்டு வழக்கில் ஐயாவுக்கே பிடியாணை. நாட்டுப் பொலிஸ் முழுக்கத் தேடியும் ஆள் அகப்படவில்லை. மூன்று வாரமளவில் அவரே மாத்தறை நீதிமன்றத்தில் வந்து நின்றார். அவரைக் கண்டுபிடிக்கத் தெரிந்த ஒரே பொலிஸ்காரர் அவர்தான். அந்தத் துப்பறியும் புலியைத்தான் ஓகஸ்டில் பாராளுமன்றம் 177 வாக்குகளால் வீட்டுக்கு அனுப்பியது.