பாண்டி போயிட்டான்

எங்கள் வீட்டில் மூத்திரம் பற்றிப் பேசாத நாள் கிடையாது. அப்பாவுக்கு 74 வயது, பிராஸ்டேட். ராத்திரி எத்தனை தடவை எழுந்தார் என்பது காலைக் காபியோடு வரும் தலைப்புச் செய்தி. அதனால் எங்கள் பூனை பாண்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை மணல் தட்டில் ஏறி உட்கார்ந்து, இறங்கி, மறுபடி ஏறி முக்கி, அடித்தொண்டையில் ஒரு குரல் கொடுத்தபோது வீட்டில் நிபுணர்களுக்குப் பஞ்சமில்லை.

"மலச்சிக்கல்" என்றேன். பூனை முக்கினால் எல்லாரும் முதலில் சொல்வதும் ஏமாறுவதும் இதுதான். அப்பா பேப்பரை லேசாக இறக்கி, "மூஞ்சியப் பாருடா. அது நீர்க்கடுப்பு மூஞ்சி" என்றார். அனுபவஸ்தர்.

அந்தச் சொல் காதில் விழுந்ததுமே அம்மா சுண்ணாம்பு டப்பாவோடு வந்துவிட்டாள். "உடம்புச் சூடு. கால் பெருவிரல் நகத்துல தடவினா சரியாப் போயிடும்." நான் பாண்டியைப் பிடித்துக்கொள்ள, அம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பின்னங்காலைத் தூக்கி விரலை எண்ணினாள். மறுபடி எண்ணினாள். நாலுதான். பூனைக்குப் பின்னங்காலில் பெருவிரலே கிடையாது. பாட்டி வைத்தியம் அந்த இடத்தில் நின்றுபோனது. முன்னங்காலில் அஞ்சு உண்டு என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அதில் நகமும் உண்டு என்பது அதற்குள் என் முழங்கையில் எழுதப்பட்டிருந்தது.

அடுத்தது இளநீர். பாண்டி முகர்ந்து பார்த்துவிட்டு, கடன் கேட்டவனிடமிருந்து திரும்புவதுபோல் திரும்பிக்கொண்டான். நேராகக் குளியலறைக்குப் போய் ஜலதாரை ஓரம் குந்தினான். ரொம்ப நேரம் கழித்து இரண்டே சொட்டு. ரோஜா நிறம். அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "ஆட்டோவக் கூப்பிடு" என்றார்.

டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். "கிரிக்கெட் பால் மாதிரி இருக்கு. நாளைக்குப் பாத்துக்கலாம்னு விடாம இருந்தீங்களே." ஆண் பூனையின் மூத்திரக்குழாய் நுனிக்கு வரவரக் குறுகிவிடுமாம். மணல்போன்ற ஸ்ட்ரூவைட் படிகமும் சளியும் சேர்ந்து அங்கே கார்க் அடைத்ததுபோல் அடைத்துக்கொள்ளும். வெளியேற வேண்டிய பொட்டாசியம் ரத்தத்தில் ஏறும். அது இதயத்தையே நிறுத்திவிடும். கவனிக்காமல் விட்டால் இரண்டு மூன்று நாளில் கதை முடிந்துவிடும்.

"வீட்ல ஏதாவது குடுத்தீங்களா?"

"இளநீர்... குடிக்கலை."

"நல்லதாப் போச்சு. அதுலயும் பொட்டாசியம்தான்."

அம்மா சுவரில் மாட்டியிருந்த நாய்க்குட்டி காலண்டரை ஆழ்ந்து படிக்க ஆரம்பித்தாள்.

மயக்க ஊசி போட்டு, டியூப் விட்டு அடைப்பைக் கழுவி எடுத்தார்கள். டியூபோடும் டிரிப்போடும் இரண்டு நாள் அங்கேயே இருந்தான். டியூபை எடுத்த பிறகு தானாகப் போனால்தான் வீட்டுக்கு அனுப்புவார்களாம். செவ்வாய்க்கிழமை முழுக்க எங்கள் வீட்டில் ஒரே கேள்வி: "போனானா?" அப்பாவே தன் கணக்கைச் சொல்ல மறந்தார்.

மறுநாள் காலை போன் வந்தது. உதவியாளர் பையன். அப்பா ஸ்பீக்கரில் போட்டார்.

"சார், பாண்டி போயிட்டான் சார்."

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்தாள். உறைமோர் வாங்க வந்திருந்த எதிர்வீட்டு மாமி, போன வாரம்தான் பால் பாக்கெட்டைக் கடித்தான் என்று அவனைச் சபித்தவர், "தங்கமான ஜீவன்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எப்பப்பா?" அப்பாவின் குரல் கம்மியது.

"இப்பத்தான் சார். தட்டு நிறையப் போயிட்டான்!"

மாமி உறைமோரை மறந்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

இப்போது பாண்டிக்கு ஈர உணவு. அவன் மொறுமொறுவென்று தின்றுகொண்டிருந்த தீனியில் பத்தில் ஒரு பங்குதான் தண்ணீர். பாக்கெட் குழம்பில் முக்கால் பங்கு. பூனை பாலைவனத்துப் பரம்பரை, தாகம் எடுத்துத் தானாக அதிகம் குடிக்காது என்று டாக்டர் சொன்னதால் வீட்டில் நாலு இடத்தில் கிண்ணம் வைத்தேன். நாலையும் அவன் சீந்துவதில்லை. அப்பாவின் செம்பில்தான் குடிக்கிறான். சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் தண்ணீரைக் குறைக்கச் சொல்லி அப்பாவுக்கு அவருடைய டாக்டர் உத்தரவு. செம்பு சும்மாதான் இருக்கிறது.

ராத்திரி இரண்டு மணிக்கு அப்பா எழுந்து போகும் வழியில் மணல் தட்டருகே நின்று, "போச்சாடா?" என்று கேட்பது என் அறைவரை கேட்கும். பதிலுக்குப் பாண்டி பரபரவென்று மணலை இழுத்து மூடுவான். அப்பா பெரிதாக ஒரு பெருமூச்சு விடுவார். அதில் கொஞ்சம் பொறாமையும் இருக்கும்.